புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன ஒளிப்படத் தொகுப்பு

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன ஒளிப்படத் தொகுப்பு என்பது தென்னிந்தியக் கோயில்கள், கற்சிற்பங்கள், செப்புத் திருமேனிகள் ஆகியவற்றை 1956 முதல் படமெடுத்துச் சேர்த்து வைத்துள்ள ஒரு காப்பகம் ஆகும். இதனைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும், தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியும் இணைந்து உருவாக்கின. இதில் 1,30,000க்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள் உள்ளன. இவற்றில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுக் கோயில்களைச் சேர்ந்தவை.

கோயிற்கலை ஆய்வுக்கென்று தொடங்கப்பட்ட இத்தொகுப்பு, பிற்காலத்தில் எதிர்பாராத வேறொரு பயனையும் அளித்தது. கோயில்களிலிருந்து களவாடப்பட்டு வெளிநாட்டு அருங்காட்சியகங்களைச் சென்றடைந்த திருமேனிகள் எந்த ஊரைச் சேர்ந்தவை என்பதை நிறுவும் முதன்மைச் சான்றாக இப்படங்கள் அமைந்துள்ளன. 1956இல் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்து வீரசோழபுரத்தில் எடுக்கப்பட்ட ஒரு படம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

புதுச்சேரி, திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ளது. எனவே பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் ஊர் வரலாற்றை ஆராய்வோருக்கு மிக அருகிலுள்ள பெரிய ஒளிப்படக் காப்பகம் இதுவே எனலாம்.

பின்னணி

தமிழ்நாட்டுக் கோயில்களை ஒளிப்படம் எடுக்கும் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தொடங்கியது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1857-58ஆம் ஆண்டுகளில் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய இடங்களுக்குச் சென்று மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ்களில் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக இணைத்தது அவருடைய பணிகளுள் குறிப்பிடத்தக்கது. அவருடைய படங்கள் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகம் உள்ளிட்ட இடங்களில் பாதுகாக்கப்படுகின்றன. பின்னர் இந்தியத் தொல்லியல் அளவீட்டுத் துறையும் ஒளிப்படங்களைச் சேர்த்து வந்தது.

இம்முயற்சிகள் பெரும்பாலும் புகழ்பெற்ற கோயில்களையும் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களையும் சார்ந்தே அமைந்தன. வழிபாட்டில் இருந்த சிற்றூர்க் கோயில்கள் பலவற்றுக்கு எவ்விதப் படப்பதிவும் இருக்கவில்லை.

புதுச்சேரியில் தொல்லியல் ஆர்வம் பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே வேரூன்றியிருந்தது. அங்கு ஆசிரியராகப் பணியாற்றிய ழூவோ துப்ருயில் (1885-1945), பல்லவர் கலை பற்றி விரிவாக எழுதினார். விழுப்புரம் மாவட்டத்துப் பனைமலைக் கோயிலில் பல்லவர் கால ஓவியம் இருப்பதைக் கண்டு வெளியுலகுக்கு அறிவித்தவரும் இவரே.

நிறுவனத்தின் தோற்றம்

1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் நிருவாகம் இந்திய அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. அதனையொட்டி இரு நாடுகளுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டின் பயனாக, 1955 மார்ச்சு மாதத்தில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தொடங்கப்பட்டது. இது புதுச்சேரி புனித லூயி வீதியில் அமைந்துள்ளது. இதன் முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா (1906-1982). கண் மருத்துவராகப் பயின்ற இவர், பின்னர் சமசுகிருதம், தமிழ் முதலிய மொழிகளைக் கற்று இந்தியவியல் அறிஞரானவர்.

நிறுவனத்தின் தொடக்ககால நோக்கங்களுள் ஒன்று சைவ ஆகமங்களைத் தொகுத்துப் பதிப்பிப்பது. ஆகமங்கள் கோயில் எவ்வாறு அமைய வேண்டும், திருமேனி எவ்வாறு வடிக்கப்பட வேண்டும் என்று விதிப்பவை. அவ்விதிகள் நடைமுறையில் எவ்வாறு பின்பற்றப்பட்டன என்பதை அறிய வேண்டுமாயின், ஊர் ஊராகச் சென்று கோயில்களைப் பார்க்க வேண்டும். இதனால் ஓலைச்சுவடித் தொகுப்பும் ஒளிப்படத் தொகுப்பும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒன்றுக்கொன்று துணையாக வளர்ந்தன. இங்குள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெசுகோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

தொகுப்பின் இயல்பு

இத்தொகுப்பின் பழைய படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்களாகும். அவற்றின் பொருளை நான்கு வகையாகப் பிரித்துக் காணலாம்.

- கட்டடங்கள்: விமானம், கோபுரம், மண்டபம், தூண்கள், அதிட்டானம் ஆகியவை.
- கற்சிற்பங்கள்: தேவகோட்டத்துச் சிற்பங்கள், தூண் சிற்பங்கள், தனித்து நிற்கும் சிலைகள்.
- செப்புத் திருமேனிகள்: திருவிழாக்களில் உலாவாக எழுந்தருளச் செய்யப்படும் உற்சவ மூர்த்திகள், நாயன்மார், ஆழ்வார் உருவங்கள்.
- பிற: குடைவரைகள், சுவரோவியங்கள் முதலியன.

ஒரு கோயிலை முழுமையாகப் பதிவு செய்வது இத்தகைய பணியின் அடிப்படை. கலைநயம் மிக்க ஒன்றிரண்டை மட்டும் தேர்ந்தெடுத்தால் ஒப்பீட்டு ஆய்வுக்கு அது பயன்படாது. அழகற்றது, சிதைந்தது, பிற்காலத்தது என்று ஒதுக்கப்படக்கூடிய உருவமும் வரிசையில் ஒன்றாக இடம்பெற வேண்டும். பின்னாளில் திருமேனிகளை அடையாளம் காண்பதற்கு உதவியதும் இந்த முழுமையே.

ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்ட கோயில், ஊர், வட்டம், காலம் ஆகிய விவரங்களோடு பொருத்தி வைக்கப்படுவதே இத்தகைய காப்பகத்தின் உயிர்நாடி. இவ்விவரங்கள் இல்லையெனில் அது அழகிய படமாக இருக்கலாம், சான்றாக இராது.

ஊர்ப்பெயரும் மாவட்டப் பெயரும்

இக்காப்பகத்தைப் பயன்படுத்தும் மாணவர் முதலில் அறிய வேண்டியது நிருவாகப் பிரிவுகளின் மாற்றமாகும். படம் எடுக்கப்பட்ட காலத்து வட்டமும் மாவட்டமும் இன்றைய பெயர்களோடு பொருந்துவதில்லை. திருத்துறைப்பூண்டி இன்று திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது. 1957இல் அது தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்தது.

1950களில் திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம், திருக்கோயிலூர், கள்ளக்குறிச்சி, விருத்தாசலம், கடலூர், சிதம்பரம் ஆகிய வட்டங்கள் அனைத்தும் தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. 1993இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டு விழுப்புரம் மாவட்டம் உருவானது. 2019இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. விக்கிரவாண்டி, மரக்காணம், மேல்மலையனூர், கண்டாச்சிபுரம் முதலிய வட்டங்களும் பிற்காலத்தில் பிரிக்கப்பட்டவையே.

எடுத்துக்காட்டாக, எண்ணாயிரம் என்னும் ஊர் பழைய கல்வெட்டு அறிக்கைகளில் விழுப்புரம் வட்டத்தின் கீழ்க் காணப்படும். இன்று அது விக்கிரவாண்டி வட்டத்தில் உள்ளது. ஆகவே ஓர் ஊரைத் தேடும்போது அதன் பழைய வட்டம், பழைய மாவட்டம், பெயரின் மாற்று எழுத்துக்கூட்டல்கள் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்வது பயன்தரும். ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதும் வழக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் பிரம்மதேசம் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உள்ளன.

விழுப்புரம் - திண்டிவனம் வட்டாரத்தின் சின்னங்கள்

தமிழகக் கோயிற்கலை வரலாற்றின் தொடக்க நிலைச் சான்றுகள் பல இவ்வட்டாரத்தில் உள்ளன. அவற்றுள் சில:

- மண்டகப்பட்டு: முதலாம் மகேந்திரவர்மன் எடுத்த குடைவரை. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இன்றி மும்மூர்த்திகளுக்காக இது அமைக்கப்பட்டதாக இங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது.
- தளவானூர்: மகேந்திரவர்மன் காலத்துச் சத்துருமல்லேசுவரம் என்னும் குடைவரை.
- கீழ்மாவிலங்கை: திண்டிவனம் அருகே, பாறையில் குடையப்பட்ட சிறிய திருமால் கோயில்.
- பனைமலை: இராசசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில், உமையின் ஓவியத்தால் புகழ்பெற்றது.
- திருநாதர்குன்று: செஞ்சிக்கு அருகிலுள்ள சமணத் தலம். பாறையில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைக் குறிக்கும் பழைய கல்வெட்டும் இங்குள்ளது.
- தாதாபுரம்: இராசராசனின் தமக்கை குந்தவை எடுத்த கோயில்கள் அமைந்த ஊர், பழைய பெயர் இராசராசபுரம்.
- திருவக்கரை: செம்பியன் மாதேவியின் திருப்பணி பெற்ற சந்திரமௌலீசுவரர் கோயில்.
- எண்ணாயிரம்: இராசேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்விச்சாலை இருந்ததைக் கூறும் கல்வெட்டு அமைந்த பெருமாள் கோயில்.
- மேல்சித்தாமூர்: தமிழ்ச் சமணர்களின் மடம் அமைந்த ஊர்.

இவற்றுள் குடைவரைகள் எளிதில் இடம்பெயர்க்க முடியாதவை. கோயில்களிலுள்ள செப்புத் திருமேனிகளோ உற்சவத்திற்காக எடுத்துச் செல்லும் வகையில் வடிக்கப்பட்டவை. பீடத்திலுள்ள வளையங்களும் துளைகளும் தண்டு செருகித் தூக்குவதற்காகவே அமைந்தவை. எளிதில் எடுத்துச் செல்லத்தக்கதாக இருப்பதே அவை களவு போவதற்கும் காரணமாயிற்று.

ஒளிப்படம் சான்றாகும் முறை

தமிழகச் செப்புத் திருமேனிகள் மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்படுபவை. முதலில் உருவம் மெழுகில் வடிக்கப்படும். அதன்மேல் மண் பூசிச் சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றிய பின், அவ்விடத்தில் உலோகக் குழம்பு ஊற்றப்படும். ஆறிய பின் மண் அச்சு உடைக்கப்படும். அச்சு ஒருமுறைக்கு மேல் பயன்படுவதில்லை. ஆகவே ஒரே சிற்பி ஒரே அளவில் செய்த இரு நடராசர்களும் முற்றிலும் ஒன்றாக இருக்க இயலாது.

இதனால் பழைய படம் ஒன்றையும் அருங்காட்சியகத்திலுள்ள திருமேனியையும் உறுப்பு உறுப்பாக ஒப்பிட முடிகிறது. பொதுவாகக் கவனிக்கப்படுபவை:

- ஒடிந்த அல்லது வளைந்த விரல்கள், ஆயுதங்கள்
- திருவாசியில் எஞ்சியுள்ள சுடர்களின் எண்ணிக்கையும் சாய்வும்
- பீடத்தின் இதழ்கள், துளைகள், வளையங்கள்
- வார்ப்பின்போது ஏற்பட்ட குழிகள், ஒட்டுகள்
- பல்லாண்டுக் காலத் திருமஞ்சனத்தால் முகத்திலும் மார்பிலும் ஏற்பட்ட தேய்வு

துணியும் மாலையும் அணிவித்த நிலையில் எடுத்த படம் இவ்வொப்பீட்டுக்குப் போதாது. அலங்காரம் நீக்கி, நேர்முகமாகவும் பின்புறமாகவும் எடுத்த படங்களே பெரிதும் உதவுகின்றன. போலி வார்ப்பு ஒன்றைக் கோயிலில் வைத்துவிட்டு மூலத் திருமேனியை எடுத்துச் செல்லும் களவுகளும் நிகழ்ந்துள்ளன. அத்தகைய நேர்வுகளில் கோயிலில் இப்போது இருப்பது பழைய படத்தில் உள்ளதுதானா என்பதைச் சரிபார்க்கவும் ஒளிப்படமே துணை.

படத்தின் நாள் இன்னொரு முக்கியமான செய்தி. 1970இல் யுனெசுகோ, பண்பாட்டு உடைமைகளின் சட்டமுரணான வணிகத்தைத் தடுக்கும் உடன்படிக்கையை ஏற்றது. இந்தியாவில் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. விற்பனைக்கு வரும் பொருள் நெடுங்காலத்திற்கு முன்பே இந்தியாவிலிருந்து சென்றுவிட்டது என்று வணிகர்கள் ஆவணம் காட்டுவது உண்டு. அந்த ஆண்டுக்குப் பின்னும் அது கோயிலில் இருந்ததைப் படம் காட்டுமானால், அந்த ஆவணம் பொய் என்பது வெளிப்படும்.

படங்களால் அடையாளம் காணப்பட்டவை

வீரசோழபுரம்

அமெரிக்காவின் வாசிங்டனிலுள்ள சுமித்சோனியன் நிறுவனத்தின் ஆசியக் கலை அருங்காட்சியகத்தில், சுந்தரரும் பரவை நாச்சியாரும் இணைந்த 16ஆம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனி இருந்தது. 1987இல் தொழிலதிபர் ஆர்தர் சாக்லர் வழங்கிய கொடையோடு இது அங்கு சென்று சேர்ந்தது. புதுச்சேரித் தொகுப்பிலுள்ள படம், இது 1956இல் கள்ளக்குறிச்சி வட்டம் வீரசோழபுரம் சிவன் கோயிலில் இருந்ததைக் காட்டியது.

அதே அருங்காட்சியகத்தின் வேறு இரண்டு திருமேனிகளும் இவ்வாறே அடையாளம் காணப்பட்டன. ஒன்று, திருத்துறைப்பூண்டி பவ ஔடதேசுவரர் கோயிலில் 1957இல் படமெடுக்கப்பட்ட நடராசர். மற்றொன்று, மன்னார்குடி வட்டம் ஆலத்தூர் விசுவநாதர் கோயிலில் 1959இல் படமெடுக்கப்பட்ட சோமாசுகந்தர். மூன்றையும் இந்தியாவுக்குத் திருப்பியளிப்பதாக 2026 சனவரியில் அருங்காட்சியகம் அறிவித்தது. இந்திய அரசின் இசைவுடன் நடராசர் மட்டும் நீண்டகாலக் கடனாக அங்கேயே காட்சியில் வைக்கப்படும் என்றும் தெரிவிக்கப்பட்டது.

வீரசோழபுரத்தின் நேர்வு ஒரு செய்தியைத் தெளிவாக்குகிறது. திருமேனி எப்போது, யாரால் களவாடப்பட்டது என்பதைப் படம் கூறவில்லை. 1956க்கும் 1987க்கும் இடைப்பட்ட காலம் மட்டுமே அதனால் வரையறுக்கப்படுகிறது. எனினும் அது எந்த ஊருக்கு உரியது என்ற வினாவுக்கு ஐயமற்ற விடை கிடைத்துவிடுகிறது.

அனந்தமங்கலம்

இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்திலுள்ள அனந்தமங்கலம் இராசகோபாலசுவாமி கோயிலின் இராமர், சீதை, இலக்குவன் திருமேனிகள் 1978இல் களவு போயின. இவற்றை 1958 சூன் மாதத்தில் பிரெஞ்சு நிறுவனத்தினர் படம் எடுத்திருந்தனர். இங்கிலாந்தில் ஒருவரிடம் இருந்த திருமேனிகளோடு அப்படங்கள் ஒப்பிடப்பட்டன. அவற்றை வைத்திருந்தவர் தாமாகவே ஒப்படைக்க முன்வந்தார். 2020 செப்டம்பர் 15 அன்று இலண்டனிலுள்ள இந்தியத் தூதரகத்தில் அவை ஒப்படைக்கப்பட்டன.

சிறீபுரந்தான்

அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தான் பிரகதீசுவரர் கோயிலின் நடராசர் திருமேனி 2006இல் களவாடப்பட்டது. ஆசுத்திரேலிய தேசியக் காட்சிக்கூடம் 2008இல் அதனை நியூயார்க்கு வணிகர் ஒருவரிடமிருந்து 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கும் மேற்பட்ட விலைக்கு வாங்கியது. 1994இல் கோயிலில் எடுக்கப்பட்ட புதுச்சேரித் தொகுப்பின் படங்கள், இரண்டும் ஒன்றே என்பதை நிறுவ உதவின. 2014 செப்டம்பரில் ஆசுத்திரேலியப் பிரதமர் தில்லியில் அதனை இந்தியாவிடம் ஒப்படைத்தார்.

ஆக்சுபோர்டு

ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆசுமோலியன் அருங்காட்சியகம், 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருமங்கையாழ்வார் திருமேனியை 1967இல் ஏலத்தில் வாங்கியிருந்தது. 1957இல் தமிழ்நாட்டுச் சௌந்தரராசப் பெருமாள் கோயிலில் எடுக்கப்பட்ட படத்தில் அதே திருமேனி இருப்பதை ஆய்வாளர் ஒருவர் கண்டறிந்தார். 2019இல் அருங்காட்சியகத்திற்கு இது தெரிவிக்கப்பட்டது. அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்திற்கு இச்செய்தியை அறிவித்தது. திருப்பியளிக்கும் கோரிக்கையைப் பல்கலைக்கழகப் பேரவை 2024 மார்ச்சில் ஆதரித்தது.

ஆய்வுப் பயன்கள்

களவு தொடர்பான பயனே இன்று பெரிதும் பேசப்பட்டாலும், தொகுப்பின் அடிப்படைப் பயன் கலை வரலாற்று ஆய்வேயாகும். பிரெஞ்சு நிறுவன வெளியீடுகளாக வந்த பல நூல்களுக்கு இது மூலப்பொருளாக அமைந்தது. ஐயனார் வழிபாடு பற்றி மார்கெரித் அதிசெயாம் எழுதிய நூல் 1967இலும், தமிழ்நாட்டில் முருகன் திருவுருவங்கள் பற்றி பிரான்சுவாசு லெர்னோ எழுதிய நூல் 1978இலும் வெளிவந்தன. தென்னிந்தியக் குடைவரைகள் பற்றிப் பட்டாபிராமின் எழுதிய நூலின் தமிழ்நாடு, கேரளம் பற்றிய தொகுதி 1975இல் வெளியானது. இவை பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டமையால் தமிழ் வாசகரிடையே பரவலாக அறியப்படவில்லை.

கோயில் திருப்பணிகளை மதிப்பிடுவதற்கும் இப்படங்கள் உதவுகின்றன. குடமுழுக்கை முன்னிட்டுச் சுவர்களுக்கு வண்ணம் பூசுதல், மணல் வீச்சால் கல்லைத் தூய்மை செய்தல், பழைய மண்டபத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டுதல் ஆகியவற்றால் கோயில்களின் தோற்றம் மாறிவிடுகிறது. மணல் வீச்சு கல்லின் மேற்பரப்பைத் தேய்த்துக் கல்வெட்டு எழுத்துகளையும் மங்கச் செய்வது. இம்மாற்றங்களுக்கு முன் ஒரு தூணோ தேவகோட்டமோ எவ்வாறு இருந்தது என்பதைப் பழைய படத்தைக் கொண்டே அறிய முடியும். பனைமலை போன்ற இடங்களில் எஞ்சியுள்ள ஓவியங்கள் காலப்போக்கில் மங்கி வருபவை. அவற்றைப் பொறுத்தவரை ஒவ்வொரு பழைய பதிவும் இன்றியமையாதது.

திருமேனிகளின் இடமாற்றத்தை அறியவும் இவை பயன்படுகின்றன. காவல் இல்லாத சிற்றூர்க் கோயில்களின் செப்புத் திருமேனிகளை இந்து சமய அறநிலையத் துறை திருமேனிப் பாதுகாப்பு மையங்களுக்கு மாற்றி வைத்துள்ளது. திருவாரூரில் உள்ள மையம் இவற்றுள் ஒன்று. பாதுகாப்பைக் கருதிய இந்நடவடிக்கையால் பல ஊர்களில் ஒரு தலைமுறையே தம் ஊர்த் திருமேனியை அதன் கோயிலில் கண்டதில்லை. 1950களின் படங்களில் அவை தத்தம் கோயில்களிலேயே காட்சியளிக்கின்றன.

வரம்புகள்

இத்தொகுப்பு மிகப் பெரிதாயினும் முழுமையானது அன்று. தமிழ்நாட்டில் பல்லாயிரக்கணக்கான கோயில்கள் இருக்கின்றன. படமெடுக்கப்படாத கோயிலின் திருமேனி களவு போனால், அதனை ஊரோடு இணைக்கப் பெரும்பாலும் முதியோர் நினைவும் கோயில் சொத்துப் பதிவேடும் மட்டுமே எஞ்சும். பதிவேட்டில் "நடராசர், உயரம் இவ்வளவு" என்ற அளவிலேயே விவரம் இருந்தால், அதனைக் கொண்டு உலகின் மறுகோடியிலுள்ள ஒரு திருமேனியை உரிமை கோருவது கடினம்.

படமெடுக்கப்பட்ட காலத்தில் மண்ணுக்குள் இருந்தவையும் இதில் இடம்பெற வழியில்லை. விழுப்புரம் மாவட்டம் எசாலம் சிவன் கோயிலில் முதலாம் இராசேந்திரனின் செப்பேடுகளும் செப்புத் திருமேனிகளும் 1987இல்தான் வெளிப்பட்டன. பழங்காலப் படையெடுப்புகளின்போது புதைத்து வைக்கப்பட்ட இத்தகைய திருமேனிகள் தற்செயலாக வெளிப்படும்போது, அதிகாரிகள் அறிவதற்கு முன்பே கைமாறிவிடும் வாய்ப்பு உண்டு.

மேலும், படம் காட்டுவது ஒரு நாளின் நிலையை மட்டுமே. கறுப்பு வெள்ளைப் படத்தில் உலோகத்தின் நிறமும் பச்சைப் படலமும் தெரிவதில்லை. ஆகவே ஒளிப்பட ஒப்பீட்டோடு காவல்துறை ஆவணங்கள், கோயிற் பதிவுகள், விற்பனை ஆவணங்கள் ஆகியவற்றையும் சேர்த்தே முடிவு காணப்படுகிறது.

பாதுகாப்பும் எண்ணிமமாக்கலும்

ஒளிப்படச் சுருள்கள் நிலையானவை அல்ல. அசிட்டேட் அடிப்படையிலான சுருள்கள் வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் சிதைந்து, காடி மணம் வீசத் தொடங்கிச் சுருங்கிவிடுகின்றன. புதுச்சேரி போன்ற கடற்கரை நகரில் பூஞ்சையும் உப்புக் காற்றும் கூடுதல் இடர்கள். எனவே நெகட்டிவ்களைக் குளிர்ந்த, உலர்ந்த சூழலில் வைப்பதோடு, அவற்றை எண்ணிம வடிவுக்கு மாற்றும் பணியும் தேவையாகிறது. மாற்றப்பட்ட கோப்புகளில் ஊர், கோயில், நாள் முதலிய விவரங்கள் பிழையின்றிச் சேர்க்கப்பட்டால்தான் தேடல் பயனளிக்கும். தமிழ் ஊர்ப்பெயர்களைப் பிரெஞ்சு, ஆங்கில எழுத்துக்கூட்டல்களில் எழுதிய பழைய குறிப்புகளை இன்றைய பெயர்களோடு பொருத்துவது இப்பணியின் கடினமான பகுதி.

இந்நிறுவனத்தைச் சார்ந்து, தமிழகத்தின் பழைய ஒளிப்பட நிலையங்களில் எஞ்சிய குடும்பப் படங்களைப் பாதுகாக்கும் மற்றொரு முயற்சியும் மேற்கொள்ளப்பட்டது. பிரித்தானிய நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டம் இதற்கு உதவியது. அத்திட்டம் 2004இல் தொடங்கப்பட்டது. திருமணப் படங்கள், குழந்தைப் படங்கள், இறந்தோர் நினைவுப் படங்கள் ஆகியவை இவ்வகையில் அடங்கும். நிலையங்கள் மூடப்படும்போது கண்ணாடி நெகட்டிவ்கள் கழுவப்பட்டு வெறும் கண்ணாடியாக விற்கப்படுவதும், சுருள்கள் குப்பைக்குச் செல்வதும் பல ஊர்களில் நிகழ்ந்தவை. கோயில் படங்கள் ஓர் ஊரின் தெய்வங்களைப் பதிவு செய்தன. நிலையப் படங்களோ அவ்வூர் மக்களைப் பதிவு செய்தன. ஊர் வரலாற்றுக்கு இரண்டும் தேவை.

காலக்கோடு

- 1857-58: லின்னேயஸ் டிரைப் தமிழகக் கோயில்களைப் படமெடுத்தல்
- 1954: புதுச்சேரி நிருவாகம் இந்தியாவிடம் ஒப்படைப்பு
- 1955: பிரெஞ்சு நிறுவனம் தொடக்கம்
- 1956: ஒளிப்படத் தொகுப்பு தொடக்கம், வீரசோழபுரம் படப்பதிவு
- 1958: அனந்தமங்கலம் படப்பதிவு
- 1970: யுனெசுகோ உடன்படிக்கை
- 1972: தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம்
- 1993: தென்னார்க்காடு மாவட்டம் பிரிப்பு
- 2005: சைவச் சுவடிகள் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்ப்பு
- 2014: சிறீபுரந்தான் நடராசர் திரும்புதல்
- 2020: அனந்தமங்கலம் திருமேனிகள் ஒப்படைப்பு
- 2026: வீரசோழபுரம் சுந்தரர் - பரவை திருமேனியைத் திருப்பியளிக்கும் அறிவிப்பு

இவற்றையும் பார்க்க

- விழுப்புரம் மாவட்டம்
- திண்டிவனம்
- சோழர் காலச் செப்புத் திருமேனிகள்
- ரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகம்
- மண்டகப்பட்டுக் குடைவரை